ஸ்கிம்மர் குழாய்க் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அழகர்கோவில் சாலை, நத்தம் சாலை, திருமங்கலம் பக்கம் என்று மதுரையைச் சுற்றியுள்ள தோப்பு வீடுகளிலும் சிறு விடுதிகளிலும் நீச்சல்குளங்களைப் பராமரிப்பது என் தொழில். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கும்: குளத்தில் தண்ணீர் குறைகிறது, ஸ்கிம்மர் குழாய் போய்விட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், நாளைக்கே ஆள் வைத்துத் தளத்தை உடைக்கலாமா என்று கேட்பார்கள். உடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருப்பதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

“ஸ்கிம்மர்னா எது? எங்க குளத்துல அது இருக்கான்னே தெரியலையே?”

குளத்தின் சுவரில், நீர்மட்டம் நிற்கும் உயரத்தில், தபால் பெட்டியின் வாயைப் பெரிதாக்கியது போன்ற ஒரு திறப்பு இருந்தால் அதுதான் ஸ்கிம்மர். வாயில் ஆடும் பலகை ஒன்றும், உள்ளே குப்பை பிடிக்கும் கூடையும், மேலே தளத்தில் ஒரு மூடியும் இருக்கும். நீரின் மேல் மிதக்கும் வேப்பிலை, பூச்சி, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றை மேற்பரப்பு நீரோடு சேர்த்து இழுத்துக்கொள்வதே அதன் வேலை. கூடைக்கு அடியிலுள்ள துளையில் தொடங்கி, மண்ணுக்குள் ஓடி, மோட்டார் அறைக்குப் போய்ச் சேரும் உறிஞ்சு குழாயைத்தான் ஸ்கிம்மர் லைன் என்கிறோம்.

விளிம்பு முழுவதும் தண்ணீர் வழிந்து, சல்லடை மூடிய ஓடையில் விழும் வகைக் குளங்களில் ஸ்கிம்மர் கிடையாது. அவற்றுக்கு, வழியும் நீரைச் சேர்த்து வைக்கும் பேலன்ஸ் தொட்டி உண்டு. அந்த வகைக்கு இங்குள்ள சோதனைகள் பொருந்தா.

“இந்த வெயிலுக்கு ஆவியாகித்தானே குறையும்? ஒழுகுதுன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?”

ஒரு வாளியை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடலாம். குளத்துத் தண்ணீரையே வாளியில் முக்கால் பாகம் நிரப்பி, உள்ளே ஒரு செங்கல்லைப் போட்டு, குளத்தின் முதல் படியில் பாதி மூழ்கும்படி வையுங்கள். வாளிக்குள் உள்ள நீர்மட்டத்தையும் குளத்தின் நீர்மட்டத்தையும் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அந்த ஒரு நாளில் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது, மழை பெய்யக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது. மிதவை வால்வு வைத்துத் தானாகத் தண்ணீர் ஏறும் ஏற்பாடு இருந்தால் அதையும் அடைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் கசிவை வெளியே தெரியாமல் மறைத்து வைப்பது பெரும்பாலும் அந்த மிதவைதான்.

ஆவியாதல் வாளிக்கும் குளத்துக்கும் பொது. வாளியில் அரை சென்டிமீட்டர் குறைந்து குளத்திலும் அரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் கசிவு இல்லை. குளத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்தக் கூடுதல் அளவுதான் கசிவு. மறுநாள் இதையே மோட்டாரை வழக்கம்போல் ஓட்டிவிட்டுச் செய்யுங்கள். இரண்டு நாள் அளவுகளையும் எழுதி வையுங்கள். பின்னால் அவை தேவைப்படும்.

“தினம் ரெண்டு சென்டிமீட்டர்தான் குறையுது. இதுக்குப் போயி இவ்வளவு மெனக்கெடணுமா?”

எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது 320 லிட்டர். ஆவியாதலுக்கு அரை சென்டிமீட்டரைக் கழித்தால் மீதி ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 480 லிட்டர், மாதத்துக்கு 14,400 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் ஒன்றை முழுதாக மண்ணுக்குள் விட்டு, அதற்கு மேலும் விடுகிறீர்கள்.

தண்ணீர்ச் செலவைவிட எனக்குக் கவலை தருவது மண்தான். கசியும் நீர் குழாயைச் சுற்றியுள்ள மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். தளக் கல்லின் அடியில் பொந்து விழும். ஒருநாள் கல் கீழே இறங்கும்போது அது இன்னொரு மூட்டையும் சேர்த்து உடைக்கும்.

“சரி, ஒழுகுதுன்னு தெரிஞ்சிருச்சு. ஸ்கிம்மர் லைன்தான்னு எப்படி உறுதியாச் சொல்றது?”

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஏற்றாமல், குளத்தை அதன் போக்கில் குறைய விடுங்கள். நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் கீழ் உதட்டுக்கு வந்ததும் ஆவியாதலின் வேகத்துக்கு மேல் இறங்காமல் நின்றுவிட்டால், கசிவு ஸ்கிம்மர் வாயிலோ பெட்டியிலோ லைனிலோ இருக்கிறது. அதையும் தாண்டி இறங்கினால் மெயின் டிரெயின் (குளத்தின் அடியிலுள்ள உறிஞ்சு துளை), விளக்கு, ரிட்டர்ன் குழாய் (வடிகட்டிய நீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய்), குளத்தின் உடல் ஆகியவற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

வாய்க்குக் கீழே குளத்து நீர் இறங்கிவிட்டால், ஸ்கிம்மர் பெட்டிக்குள் இருக்கும் நீர் குளத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனிக் குட்டையாக நிற்கும். அந்தக் குட்டைதான் சோதனைக் கருவி. மோட்டார் அறையில் ஸ்கிம்மர் வால்வை மூடுங்கள். கூடையை எடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரால் பெட்டியை வாயின் உதடு வரை நிரப்பி, உள்சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் பெட்டியோ குழாயோ ஒழுகுகிறது. பிறகு பெட்டியின் அடித்துளையைத் திருகி இறுக்கும் ரப்பர் பிளக்கால் அடைத்து, மறுபடி நிரப்பிப் பாருங்கள். இப்போது நீர் அசையாமல் நின்றால் குற்றவாளி குழாய். அப்போதும் இறங்கினால் பெட்டியிலேயே வெடிப்பு இருக்கிறது. பெட்டியும் குழாயும் இரண்டு முறையும் தாங்கி நின்றால், மிஞ்சுவது வாய்ப்பகுதி.

இதில் தவறு நேர இரண்டு வழிகள் உண்டு. சில ஸ்கிம்மர்களின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். இரண்டாவது துளை மெயின் டிரெயினுக்கோ, சுவரில் கீழே உள்ள சமநிலைக் குழாய்க்கோ போகும். அதை அடைக்காமல் சோதித்தால் பெட்டி நீர் அதன் வழியே குளத்துக்குப் போய்விடும். பழைய வேலைகளில் ஸ்கிம்மர் லைனையும் மெயின் டிரெயின் லைனையும் மண்ணுக்குள்ளேயே மூன்று வாய் உள்ள ‘டீ’ இணைப்பு ஒன்றைப் போட்டுச் சேர்த்து ஒரே வால்வில் விட்டிருப்பார்கள்; அங்கும் இதே கதைதான், முதலில் மெயின் டிரெயினை அடைத்தாக வேண்டும்.

“மோட்டார் ஓடும்போது அவ்வளவா குறையல, நிறுத்தி வச்சாத்தான் வேகமா குறையுது. இது என்ன கூத்து?”

ஸ்கிம்மர் லைன் உறிஞ்சும் பக்கம் என்பதால் அப்படித்தான் இருக்கும். மோட்டார் ஓடும்போது குழாயினுள் உறிஞ்சு விசை இருக்கிறது. வெடிப்பின் வழியே தண்ணீர் வெளியேறுவதற்குப் பதிலாக வெளியிலுள்ள காற்றோ ஈர மண்ணோ உள்ளே வருகிறது. மோட்டார் நின்றதும் குளத்து நீரின் எடை குழாயில் இறங்க, அதே வெடிப்பு வெளியே ஒழுகத் தொடங்குகிறது. வாளிச் சோதனையை இரண்டு நாள் செய்யச் சொன்னது இதற்காகத்தான். மோட்டார் ஓடும் நாளில் அதிகம் குறைந்தால் அழுத்தப் பக்கத்தை, அதாவது ரிட்டர்ன் குழாய்களை முதலில் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே அளவு குறைந்தால் குளத்தின் உடலைப் பாருங்கள்.

அழகர்கோவில் பக்கத்துத் தோப்பு வீடொன்றில், பம்பின் முன்கூடையில் வாரா வாரம் ஒரு கைப்பிடி செம்மண் படிந்துகொண்டிருந்தது. காற்றில் பறந்து வரும் புழுதி என்றே வீட்டுக்காரர் நினைத்திருந்தார். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தபோது அதில் முடி போன்ற சல்லிவேர்கள் இருந்தன. காற்றில் வரும் புழுதியில் வேர் இருக்காது. ஸ்கிம்மரிலிருந்து நான்கடி தள்ளி, இரண்டு குழாய்களை இணைக்கும் கப்ளர் ஒன்று பிடுங்கிக்கொண்டு நின்றது.

“ரிட்டர்ன் வாயில சோடா மாதிரி குமிழ் குமிழா வருது. அதுவும் இதே குழாய்தானா?”

இருக்கலாம், ஆனால் தோண்டுவதற்கு முன் மோட்டார் அறையைப் பாருங்கள். பெரும்பாலும் பம்பு மூடியின் ஓ-ரிங் காய்ந்திருக்கும், அல்லது பம்பில் ஏறும் மரைப் பகுதி வெயிலில் தளர்ந்திருக்கும். மோட்டார் ஓடும்போது சந்தேகமான மூட்டுகளின் மேல் சவரக் கிரீமைத் தடவுங்கள். காற்றை இழுக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். ஸ்கிம்மர் வாயில் நீர்மட்டம் பாதிக்கும் கீழே இருந்தாலும் பெட்டியில் சுழி விழுந்து காற்று புகும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் மண்ணுக்குள் இருக்கும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரின் உப்புத் தண்ணீர் இந்தத் தேடலில் ஓர் உதவி செய்கிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் மூட்டில் தண்ணீர் காய்ந்து காய்ந்து வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். ஈரம் தெரியாவிட்டாலும் அந்தப் பொருக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

“பெட்டியும் குழாயும் நல்லாத்தான் இருக்கு, வாய்ப்பக்கம்தான் சந்தேகம். அதை எப்படிப் பார்க்குறது?”

ஸ்கிம்மர் பெட்டி பிளாஸ்டிக். அதைச் சுற்றியிருப்பது கான்கிரீட். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிந்து சுருங்குவதால், இரண்டும் சேரும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழுவது சாதாரணம். நீரை வாயின் நடு உயரத்துக்கு ஏற்றி, மோட்டாரை நிறுத்தி, நீர் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். கேசரிப் பவுடரைச் சிறிது தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, விளிம்பை ஒட்டி மெல்ல ஒரு துளி விடுங்கள். வெடிப்பில்லாத இடத்தில் நிறம் அப்படியே தொங்கும்; வெடிப்புள்ள இடத்தில் நூல் போல நீண்டு சுவருக்குள் போய்விடும். சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் நிறம் கலங்கி எதுவும் தெரியாது.

இது கிடைத்துவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏனென்றால் மண்ணைத் தொட வேண்டியதில்லை. நீரை வாய்க்குக் கீழே இறக்கி, வெடிப்பைச் சிற்றுளியால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஆழத்துக்கும் கீறி, தூசியைத் துடைத்து, நீருக்கடியிலும் இறுகும் இரட்டைக் கலவை எபாக்சி மக்கை அழுத்தி நிரப்புங்கள். மேலே பூசி மெழுகுவதால் பயனில்லை; கீறிய பள்ளத்துக்குள் மக்கு இறங்கி இருபுறமும் பிடிக்க வேண்டும்.

“குழாய்தான்னு முடிவாயிருச்சு. மண்ணுக்குள்ள எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

குழாயின் ஸ்கிம்மர் முனையைப் பிளக்கால் அடையுங்கள். மோட்டார் அறையில் யூனியனை (திருகிக் கழற்றக்கூடிய குழாய் இணைப்பு) கழற்றி, அந்த முனையில் ஓர் அழுத்தமானியும் ஒரு குழாய்த் திருகும் பொருத்தி, உள்ளே உள்ள காற்று முழுவதும் வெளியேறும்படி தண்ணீரால் நிரப்புங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.7 முதல் 1 கிலோ வரை அழுத்தம் போதும். ஒரு மீட்டர் நீர் உயரத்துக்கு 0.1 கிலோ என்பதுதான் கணக்கு. ஆகவே நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே போகும் குழாய் வழக்கமாகத் தாங்குவதைவிட இது ஏழு முதல் பத்து மடங்கு. இதற்கென்று பம்பு வாங்க வேண்டாம். இரண்டு மாடி வீட்டு மேல்நிலைத் தொட்டி ஏழெட்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து வரும் தோட்டக் குழாயை மாட்டினாலே தேவையான அழுத்தம் கிடைத்துவிடும். திருகை மூடி அரை மணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கினால் உடனே குழாயைக் குற்றம் சொல்லாமல் பிளக்கை ஒருமுறை இறுக்கி மறுபடி பாருங்கள். பிளக்கே ஒழுகி ஏமாற்றுவது உண்டு.

இடத்தைக் கண்டுபிடிக்க, திருகை மூடாமல் அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, இரவில் ஊர் அடங்கியபின் நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைக் குழாய் போகும் வழியில் தளக் கல்லின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். பெரிய வெடிப்பென்றால் இரைச்சல் கேட்கும். சிறியதென்றால் சில மணி நேரத்தில் கல் இடுக்கில் ஈரம் ஏறும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இரண்டும் இல்லையென்றால் குழாயின் இரு கோடிகளில் முதலில் தோண்டுங்கள். என் அனுபவத்தில் பெட்டிக்குக் கீழே உள்ள எல்போவும் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு), குழாய் மோட்டார் அறைச் சுவருக்குள் நுழையும் இடமும்தான் அதிகம் உடைகின்றன. நடுக்குழாய் உடைந்தால் அங்கே ஒரு வேர் இருக்கும், அல்லது யாரோ கடப்பாரை போட்டிருப்பார்கள்.

“தண்ணி எதுக்கு? பஞ்சர் கடை கம்ப்ரசர்ல காத்தடிச்சுப் பார்த்தா சீக்கிரம் முடிஞ்சிருமே?”

வேண்டாம். தண்ணீர் அழுத்தத்தால் சுருங்காது. குழாய் பிளந்தால் கொஞ்சம் பீச்சிவிட்டு அடங்கிவிடும். காற்று வில்லைப் போலச் சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிவிசி குழாய் காற்றழுத்தத்தில் உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறும். அடித்துளைப் பிளக் கழன்றால் குனிந்து பார்ப்பவரின் முகத்துக்குத்தான் வரும். கசிவு தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில், கட்டுப்படுத்தும் வால்வோடு காற்றைப் பயன்படுத்துவதும் உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்து நாம் அதைச் செய்யக் கூடாது.

“வேலை பார்க்க குளத்தை முழுசா காலி பண்ணணுமா?”

கூடாது. ஸ்கிம்மர் வாய்க்கு ஒரு சாண் கீழே நீர் நின்றால் போதும். காலிக் குளம் என்பது மண்ணில் புதைத்த ஒரு படகு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்துக் கண்மாய் நிறைந்து நிலத்தடி நீர் மேலேறியிருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து நீர் தள்ளித் தளம் வெடிக்கலாம், இலகுவான ஃபைபர் குளமென்றால் மொத்தமாகவே மேலே எழும்பலாம். மேலூர் பக்கத்துக் கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

“இடம் கிடைச்சிருச்சு. வெட்டி ஒட்டுற வேலையைச் சரியாச் செய்றது எப்படி?”

முதலில் மோட்டார் அறையின் மின்சாரத்தை எம்சிபி சுவிட்சில் நிறுத்துங்கள். குளத்து விளக்கின் வயரும் எர்த் கம்பியும் பல இடங்களில் இதே பள்ளத்தில் ஓடும் என்பதால், குழாயை நெருங்கியதும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கொத்துக் கரண்டியால் மண்ணை எடுக்க வேண்டும். குழாய்க்கு அடியிலும் ஒரு கை நுழையும் அளவுக்கு மண்ணை எடுங்கள். அடிப்பக்கத்தில் சால்வென்ட் (பிவிசி மூட்டை இணைக்கும் திரவம்) படாத மூட்டுதான் ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகும் மூட்டு. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை; இருபுறமும் பத்து சென்டிமீட்டர் சேர்த்து, ஹேக்ஸாவால் நேராக வெட்டி எடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, ஒரு சொட்டும் வராத நிலையில்தான் ஒட்ட வேண்டும்.

வெட்டிய விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்கி, வெளி விளிம்பைச் சற்றுச் சரிவாக்குங்கள். கப்ளர் எவ்வளவு ஆழம் ஏறும் என்பதைக் குழாயில் பென்சிலால் குறியுங்கள். பிரைமர் தடவி, பிறகு சால்வென்ட்டைக் குழாயின் வெளியிலும் கப்ளரின் உள்ளிலும் மெல்லிய, இடைவெளி இல்லாத பூச்சாகப் பூசி, கால் சுற்றுத் திருகியபடி குறி வரை தள்ளி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். கப்ளரின் உள்பக்கம் சற்றுக் கூம்பாக இருப்பதால், உடனே விட்டால் குழாய் தானாகப் பின்வாங்கும். சித்திரை வெயிலில் மத்தியானம் ஒட்டினால் சால்வென்ட் தூரிகையிலேயே காய்ந்துவிடும். காலை எட்டு மணிக்குள் ஒட்டி முடித்துவிடுவது என் வழக்கம்.

இருபுறமும் அசையாத குழாய்க்கு நடுவே புதுத் துண்டைச் சேர்ப்பதுதான் கடினம். முதல் கப்ளர் எளிதாக ஏறிவிடும், இரண்டாவதற்கு இடமிருக்காது. கப்ளரின் உள்வரம்பை அரத்தால் நீக்கிவிட்டு முழுதாக ஒருபக்கம் ஏற்றிப் பின் இழுக்கும் முறை சிறு குழாய்களில் நடக்கும். இந்த அளவுக் குழாயில் பாதி வழியில் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். பள்ளத்தை இன்னும் இரண்டு மீட்டர் நீட்டி, குழாயை லேசாகத் தூக்கி வளைத்து உள்ளே செருகுவதையே நான் விரும்புகிறேன். அதற்கும் இடமில்லையென்றால் நான்கு எல்போக்களால் பக்கவாட்டில் ஒரு வளைவு கட்டிவிடலாம். யூனியனை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்தால் மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

“ரெண்டு இன்ச் கப்ளர்னு கேட்டு வாங்கினேன், குழாய்ல லொட லொடன்னு ஆடுது. டூப்ளிகேட்டா?”

போலி இல்லை, வேறு குடும்பம். விவசாயத்துக்கும் குடிநீருக்கும் வரும் ஐ.எஸ். 4985 தரக் குழாயின் வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர். வீட்டு பிளம்பிங் வேலைக்கு வரும் அமெரிக்கத் தர இரண்டு இன்ச் யுபிவிசி குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர். கடையில் இரண்டுக்கும் பெயர் “ரெண்டு இன்ச்” தான். 63 கப்ளரில் 60.3 குழாய் ஆடும். மறுமாறாக வைத்தால் ஏறவே ஏறாது. ஒன்றரை இன்ச்சிலும் இதே சிக்கல் உண்டு: 50 மில்லிமீட்டர், 48.3 மில்லிமீட்டர்.

ஆடும் கப்ளரில் சால்வென்ட்டை அதிகமாக ஊற்றி நிரப்பிவிடலாம் என்பது நடக்காது. சால்வென்ட் பசை அல்ல. அது இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது, பரப்புகள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது நிகழும். வெட்டி எடுத்த பழைய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், புது கப்ளரில் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

“வெட்டவே வேணாம், மேல எம்-சீல் வச்சு டியூப் சுத்திட்டா நிக்காதா?”

மோட்டார் அறையில், கண்ணெதிரே இருக்கும் சொட்டுக்கு, விருந்தினர் வந்திருக்கும் ஒரு வார இறுதியைக் கடத்த அது நிற்கும். மண்ணுக்குள் நிற்காது. ஈரக் குழாயில் மக்கு பிடிப்பதில்லை. பிடித்தாலும், மோட்டார் ஓடும்போது உறிஞ்சலும் நின்றதும் அழுத்தமுமாக மாறி மாறி வந்து விளிம்பைப் பிரித்துவிடும். ஸ்கிம்மர் வாய்க்கு எபாக்சியைச் சிபாரிசு செய்துவிட்டு இங்கே மறுப்பது முரணாகத் தோன்றலாம். அங்கே அது கான்கிரீட்டில் கீறிய பள்ளத்துக்குள் பூட்டிக்கொண்டு நிற்கிறது. வழவழப்பான உருளையின் மேல் பிடிமானத்துக்கு எதுவும் இல்லை.

“பெட்டிக்கு அடியில மரை உள்ள இடமே வெடிச்சிருக்கு. அதுக்கு என்ன பண்றது?”

பல ஸ்கிம்மர் பெட்டிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரண பிவிசி சால்வென்ட் அதில் நம்பகமாகப் பிடிக்காது என்பதால்தான் அங்கே மரை வைத்திருக்கிறார்கள். வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறி இறுக்கியது. டெஃப்லான் டேப்பைச் சுற்றி, மரை அடாப்டரைக் கையால் முடிந்த மட்டும் திருகி, பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்றோடு நிறுத்த வேண்டும்.

மரை வெடித்துவிட்டால், முன்பு சொன்ன இரண்டாவது அடித்துளை உங்கள் பெட்டியில் பயனின்றி அடைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லைனை அதற்கு மாற்றிவிடலாம், ஆனால் வெடித்த துளையை உள்ளிருந்து முழுதாக அடைக்க முடிகிறதா என்பதைப் பெட்டியில் நீர் நிரப்பிச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். இல்லையென்றால் பெட்டியைச் சுற்றி கான்கிரீட்டை உடைத்து முழுப் பெட்டியையும் மாற்றுவது தவிர வழியில்லை.

“போன வருசம்தான் மாத்தினோம், அதே இடத்துல மறுபடி விட்டுப்போச்சு. வேலை சரியில்லையா?”

வேலையைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் மண்ணைப் பாருங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்துக் கரிசல், மழையில் உப்பிக் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண். குழாயின் ஒருமுனை குளத்துச் சுவரின் கான்கிரீட்டில் அசையாமல் நிற்க, மீதி குழாய் மண்ணோடு ஏறி இறங்கினால், சுவரை ஒட்டிய முதல் மூட்டுதான் கத்தரிபடும். ஒட்டியது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது பக்கத்தில் முறியும். கரிசலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரையடி மணல் கொடுத்து மூடினால் மண்ணின் அசைவு குழாய்க்கு முழுதாகப் போகாது.

செம்மண்ணிலும் இப்படி நடந்தால் வெயிலைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே தெரியும் பத்து மீட்டர் பிவிசி குழாய், 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இருமுனையையும் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த நீட்சி மூட்டில்தான் போய் இடிக்கும். வெயில் படும் குழாய்க்கு வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது சூட்டையும் குறைக்கும், பிளாஸ்டிக் நொறுங்குவதையும் தள்ளிப்போடும்.

“அதுவரைக்கும் ஸ்கிம்மர் லைனை மூடிட்டு மெயின் டிரெயின்ல மட்டும் ஓட்டலாமா? பிள்ளைங்க லீவுக்கு வந்திருக்காங்க.”

வடிகட்டுவதற்காக ஓட்டலாம், பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஓட்டக் கூடாது. ஸ்கிம்மரை அடைத்தால் பம்பின் முழு உறிஞ்சலும் குளத்தின் அடியிலுள்ள ஒரே துளைக்குப் போகிறது. மூடி உடைந்தோ கழன்றோ இருக்கும் ஒற்றை மெயின் டிரெயினில் நீண்ட முடியோ உடலோ சிக்கிக்கொண்டால், பெரியவர் ஒருவர் இழுத்தாலும் எடுக்க முடியாது. உலகில் பல குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். மோட்டாரை இரவில் ஓட்டுங்கள், குளித்து முடிக்கும் வரை எம்சிபியை இறக்கியே வையுங்கள். மூடியின் திருகுகள் இருக்கின்றனவா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

“குழாயை மாத்தி, வாயையும் பூசியாச்சு. இன்னும் குறையுதே?”

இந்தக் கேள்வியில் எனக்கே ஒரு பழைய காயம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கடப்பாக் கல்லைப் பெயர்த்துக் குழாயைத் திறந்தேன். சுற்றியிருந்த மண் மாவு போல உலர்ந்து கிடந்தது. தண்ணீர் போனது மணல் வடிகட்டியின் மல்டிபோர்ட் வால்வு (நீரின் பாதையை மாற்றும் பல வாய் வால்வு) வழியே. உள்ளே உள்ள ரப்பர் கேஸ்கெட் நைந்து, மோட்டார் ஓடும்போதெல்லாம், வடிகட்டியைக் கழுவிய நீரை வெளியேற்றும் பேக்வாஷ் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பேக்வாஷ் குழாயின் வெளிமுனையில் ஒரு பாலிதீன் பையைக் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கல் செலவை நான்தான் கொடுத்தேன்.

அதுவும் இல்லையென்றால் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை மறுபடி பாருங்கள். விளக்கின் உயரத்தில் நின்றால், விளக்குக் குழிக்குப் பின்னால் வயர் போகும் குழாயின் வாயை எபாக்சியால் அடைக்க வேண்டியிருக்கும். ரிட்டர்ன் வாயின் உயரத்தில் நின்றால் அந்தக் குழாய்க்கும் மேலே சொன்ன அழுத்தச் சோதனையைச் செய்யுங்கள்.

“தளம் முழுக்க கிரானைட் போட்டிருக்கோம். உடைக்காம வேற வழியே இல்லையா?”

குழாய்க்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் திரவங்கள் கிடைக்கின்றன. ஊசிமுனைத் துளைக்கு அவை உதவலாம். பிரிந்த மூட்டுக்கும் பிளந்த குழாய்க்கும் உதவா. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. உடைப்பு பெட்டிக்கு அடியில்தான் என்று சோதனையில் தெரிந்தால் இரண்டடிக்கு இரண்டடி மட்டும் கல்லை எடுத்தால் போதும். நடுவில் எங்கோ என்றால், பழைய லைனை இருமுனையும் அடைத்துக் கைவிட்டுவிட்டு, தளத்துக்கு வெளியே மண்ணைச் சுற்றிக்கொண்டு புது லைன் போடுவது கல்லைப் பெயர்ப்பதைவிடச் சிக்கனமாக முடியும். குழாய் நீளம் கூடுவதால் எல்போக்களைக் குறைத்து, முடிந்தால் 75 மில்லிமீட்டர் குழாயாகப் போடுங்கள்.

“ஒட்டியாச்சு. எப்ப மண்ணை மூடலாம்?”

24 மணி நேரம் சால்வென்ட் இறுகட்டும். பிறகு அழுத்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்த முறை அரை மணி நேரத்தில் முள் துளியும் அசையக் கூடாது. குழாயின் அடியிலும் மேலும் மணல் போட்டு, பள்ளத்தைப் பாதி மட்டும் மூடி, மூட்டுகளைத் திறந்தபடியே விட்டு, இரண்டு மூன்று நாள் மோட்டாரை ஓட்டுங்கள். அதன்பின் ஒருமுறை வாளியைப் படியில் வைத்துப் பார்த்துவிட்டு, கல் சில்லும் செங்கல் துண்டும் குழாயின் மேல் விழாமல் முழுதாக மூடுங்கள்.

மூடுவதற்கு முன் பள்ளத்தின் மேல் அளவு நாடாவை விரித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் கைப்பேசியோடு தொலைந்துபோகும். ஆகவே குளத்துச் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி ஆழத்தில், 63 குழாயா 60.3 குழாயா என்பதை மோட்டார் அறைக் கதவின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.